அறுநூற்று நாற்பது பேருக்குச் சமையல்

கதை என்று ஒன்றை எழுதத் துணிந்தமைக்கு முதலிலேயே மன்னிப்புக் கோருவதுதான் முறை என்று நினைக்கிறேன். அலுவலகக் குறிப்புகளையும் இரண்டொரு நன்றி மடல்களையும் தவிர வேறெதையும் எழுதிய பழக்கம் எனக்கு இல்லை. செயற்கை நுண்ணறிவைத் தொழிலாகக் கொண்டோர் இதில் பிழை காணக்கூடும். அதைப் பற்றி அறியாதோர் சலிப்படையக்கூடும். இரு சாராரும் அருள்கூர்ந்து பொறுத்துக்கொள்ள வேண்டுகிறேன். என்னைவிட நன்றாகச் சொல்லக்கூடியவர்கள் சொல்லாமல் இருந்துவிட்டார்கள் என்பதைத் தவிர, இதை எழுதுவதற்கு எனக்கு வேறு தகுதி இல்லை.

"இன்னொருக்கால் சொல்லுறன்," என்றாள் குமுதினி. அன்று மாலை அதை அவள் சொல்வது ஐந்தாவது முறை.

ஹூஸ்டனின் புறநகரான சுகர் லேண்டில் ராமசுப்ரமணியன் வீட்டு மாடியறையில், பிங்பாங் மேசை மீது வெள்ளைத் துணி விரித்து, அதைச் சுற்றித் தமிழ் மன்றத்தின் செயற்குழு அமர்ந்திருந்தது. பொங்கல் விழாவுக்கு இன்னும் ஆறு வாரம் இருந்தது. தலைவர் என்ற முறையில் ராமசுப்ரமணியன் மேசையின் ஒரு முனையில் இருந்தார். மறுமுனையில், தலைவராக இல்லாவிட்டாலும் தலைவருக்கும் மேலானவராக, அரியரட்ணம் இருந்தார். எண்ணெய் நிறுவனமொன்றில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். பன்னிரண்டு ஆண்டுகள் மன்றத்துக்குத் தலைமை வகித்தவர். விழா முடிந்ததும் வெளிவரும் மன்ற மலரை இன்றளவும் தம் கையாலேயே தொகுப்பவர்.

"மொடல் எண்டால் மந்திரம் இல்லை, அங்கிள். பழைய உதாரணங்களைக் காட்டி அதைப் பழக்கிறம். அதுக்குப் பேர் ட்ரெய்னிங். காட்டுற உதாரணங்கள் ட்ரெய்னிங் டேட்டா. ஒவ்வொரு உதாரணத்துக்கும் இதுதான் சரியான விடை எண்டு நாங்கள் ஒட்டி விடுறமே, அது லேபிள். பலாப்பழப் படத்திலை அன்னாசி எண்டு ஒட்டி விட்டால், பிறகு எந்தப் பலாப்பழத்தைக் கண்டாலும் அது அன்னாசி எண்டுதான் சொல்லும்."

"ஏன், மணந்து பாக்காதோ?" என்று கேட்டார் அரியரட்ணம்.

"பாக்காது அங்கிள். அதுக்கு மூக்கு இல்லை."

"பிறகென்ன இன்ரெலிஜன்ஸ்."

எல்லாரும் சிரித்தார்கள். காப்பித் தட்டுடன் வந்த அனந்தலக்ஷ்மி, ராமசுப்ரமணியனின் மனைவி, தட்டை மேசையில் வைத்துவிட்டு, "எனக்கு ஒரு டவுட்டு குமுதினி. நம்ம ஃபோன்ல ஒரு லேடி பேசறாளே, அவகிட்ட நேரா கேட்டா என்ன? எத்தனை பேர் வருவான்னு?" என்றார்.

"அவவுக்கு எங்கட மன்றத்தைப் பற்றித் தெரியாது ஆன்ட்டி."

"எல்லாந்தான் தெரியுங்கறாளே."

குமுதினி காப்பியை எடுத்து, வேண்டுமென்றே மெதுவாகக் குடித்தாள். ஹூஸ்டனில் ஒரு மருத்துவமனையில் நாளை எத்தனை நோயாளர் வருவர், எத்தனை படுக்கை வேண்டும் என்று முன்கணித்துச் சொல்வது அவளுடைய வேலை. அங்கே மருத்துவர்களுக்கு ஒரு முறை சொன்னால் போதும். இங்கே ஐந்து முறை சொல்லியும், செயற்கை நுண்ணறிவு என்பது எங்கோ மேகத்தில் குந்தியிருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருக்கும் ஒரு முனிவர் என்ற நம்பிக்கையை அவளால் அசைக்க முடியவில்லை.

அவள் எழுந்து போயிருக்கலாம். போகாததற்குக் காரணம் பத்மராணி.

சென்ற கோடையில் டொராண்டோவிலிருந்து அவள் குடிவந்தபோது, வீட்டில் ஒரு நாற்காலிகூட இல்லாத அந்த முதல் மூன்று வாரமும் சோறு கொண்டுவந்து கொடுத்தவர் பத்மராணி. ஃப்ரீவே ஓரத்தில் வாடகைக்கு ஒரு சமையற்கூடம் எடுத்து, கல்யாணம், பிறந்தநாள், முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கு என்று எல்லாவற்றுக்கும் சமைப்பவர். ஒன்பது ஆண்டுகளாக மன்றத்தின் பொங்கல் விருந்து அவருடையது. சென்ற பொங்கலுக்குச் சாப்பாடு முடிந்துபோய், சிலர் வெறும் வயிற்றோடு திரும்பினார்கள். அதன்பின் கூடிய செயற்குழு ஒரு முடிவெடுத்தது: அடுத்த முறையும் கூடினாலோ குறைந்தாலோ, பொங்கல் விருந்து ஹூஸ்டனிலுள்ள ஓர் உணவகத்துக்குப் போகும். அதைக் கேள்விப்பட்ட நாள் முதல், சரியான எண்ணிக்கையைக் கணித்துத் தருவது தன் பொறுப்பு என்று குமுதினி தானாகவே தலையில் ஏற்றிக்கொண்டாள்.

"எனக்கு ரெண்டு விசயம்தான் வேணும்," என்றாள். "ஒவ்வொரு வருசமும் முன்பதிவு செய்தவை எத்தினை பேர், உண்மையா வந்து சாப்பிட்டவை எத்தினை பேர். முதலாவது ராமசுப்ரமணியன் சாரின்ரை ஃபைலிலை இருக்கு. ரெண்டாவது?"

"மலரிலை இருக்கு," என்றார் அரியரட்ணம். "ஒன்பது வருசத்து மலரும் தாறன்."

"அந்த எண்ணிக்கை சரியானதுதானே, அங்கிள்? அதுதான் லேபிள். அது பிழைச்சால் எல்லாம் பிழைக்கும்."

ராமசுப்ரமணியன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியால் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டார். பொருளாளர் கௌசிக் முறுக்கு ஒன்றை இரண்டாக ஒடித்தார், பிறகு நான்காக.

"அச்சிலை வந்தது, பிள்ளை," என்றார் அரியரட்ணம். "ஒன்பதும் என்ரை கையாலை எழுதினது."

லேபிள் என்றால் என்னவென்று இவர்களுக்கு இன்னும் புரியவில்லை என்று குமுதினி எண்ணிக்கொண்டாள். அந்தக் கண்ணாடித் துடைப்புக்கும் முறுக்கு ஒடிப்புக்கும் அவள் கண்ட பொருள் அவ்வளவுதான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகலில் ஒன்பது மலர்களையும் சாப்பாட்டு மேசையில் பரப்பி வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்கினாள். ஒன்பது வரித் தரவு என்பது யானைப் பசிக்குச் சோளப்பொரி என்று அவளுக்குத் தெரியும். ஆகவே முறைப்படி நடந்தாள். இரண்டு ஆண்டுகளை மறைத்து வைத்து, மீதி ஏழு ஆண்டுகளை மட்டும் காட்டி மாடலைப் பழக்கினாள். பிறகு மறைத்து வைத்த இரண்டையும் அதனிடமே கேட்டாள். பாடத்தை ஒப்பிக்கிறதா, உண்மையிலேயே கற்றுக்கொண்டதா என்று பார்ப்பதற்கு இதைவிட நல்ல வழி கிடையாது. முதலாவதற்கு ஐந்நூற்று இருபத்தொன்று என்றது. மலரில் ஐந்நூற்று இருபது. இரண்டாவதற்கு ஐந்நூற்றுத் தொண்ணூற்றெட்டு என்றது, மலரில் அறுநூறு.

மருத்துவமனையில் அவள் ஆயுளில் இப்படி ஒரு பொருத்தத்தைக் கண்டதில்லை. முன்பதிவு செய்தவர் ஒருவர் என்றால் வருபவர் இரண்டேகாலுக்குச் சற்றுக் குறைவு. ஆண்டுக்கு ஆண்டு அதே விகிதம், இம்மி பிசகவில்லை. ஊரிலிருந்து வந்திருக்கும் தாய் தகப்பன், பதிவு செய்யாமல் கூட்டிவரும் நண்பர்கள், அவர்கள் பிள்ளைகள் என்று அதற்கு அவளே காரணங்களையும் கண்டுபிடித்துக்கொண்டாள். தரவு அளவுக்கு மீறி ஒழுங்காக இருந்தால் முதலில் சந்தேகப்படு என்று அவளுக்குச் சொல்லிக் கொடுத்த பேராசிரியர் ஒருவர் உண்டு. அன்று அவர் நினைவுக்கு வரவில்லை.

இந்த ஆண்டு முன்பதிவு செய்திருந்தோர் இருநூற்றுத் தொண்ணூற்றொருவர். மாடல் சொன்ன எண்ணிக்கை அறுநூற்று நாற்பது.

பத்மராணி சமையற்கூடத்தில் கத்தரிக்காய் அரிந்துகொண்டிருந்தார். எண்ணிக்கையைக் கேட்டதும் கத்தி நின்றது.

"எவ்வளவு?"

"அறுநூற்றி நாப்பது, அக்கா."

"குமுது, போன வருசம் நான் வேண்டினது முந்நூறு தட்டு. இருவத்தஞ்சு மிஞ்சிச்சுது. சோறு முடிஞ்ச பிறகு ஒரு இருவது பேர் வந்து எட்டிப் பாத்திட்டுப் போச்சினம். நான் கண்டது அவ்வளவுதான்."

"நீங்கள் குசினிக்குள்ளை நிண்டனீங்கள். வெளியிலை எத்தினை பேர் நிண்டவை எண்டு உங்களுக்குத் தெரியாது. பாதிச் சனம் பட்டினியாப் போனது எண்டு அரியரட்ணம் அங்கிள் கூட்டத்திலை சொன்னவரெல்லே."

"அவர் சொன்னவர்தான். அதைக் கேட்டு நான் ரெண்டு நாள் அழுதனான்." பத்மராணி கத்தரிக்காயைத் தண்ணீரில் போட்டார். "ஆனால் தட்டு தட்டுத்தானே."

"அக்கா, குறை நினைக்காதேங்கோ. தட்டு உங்கட ஞாபகத்திலை இருக்கிறது. மலர் எண்டது பதிவு, எழுத்திலை இருக்கு. ரெண்டையும் ஒண்டா வைக்கேலாது. பதினஞ்சு வருசமா இதுதான் என்ரை வேலை."

சொல்லும்போதே தன் குரலில் ஐந்து முறை விளக்கிக் களைத்தவளின் எரிச்சல் ஏறியிருப்பது குமுதினிக்குக் கேட்டது. ஆனால் திருத்திக்கொள்ளவில்லை. அவளுக்கு அலுத்துப் போயிருந்தது. புரியாதவர்கள் வரிசையில் பத்மராணியும் சேர்ந்துவிட்டதாகவே அவளுக்குத் தோன்றியது.

பத்மராணி கையைத் துடைத்துக்கொண்டார். "இந்த முறை பிழைக்கக் கூடாது, குமுது. சனம் மன்றத்துச் சாப்பாட்டைப் பாத்துத்தான் என்னைக் கலியாணத்துக்குக் கூப்பிடுறது. இது போனால் மற்றதும் போகும்."

"அதுக்குத்தானே அக்கா நான் இவ்வளவும் செய்யிறன்."

"சரி. நீர் படிச்சனீர். நீர் சொன்னால் வைப்பம்."

விழா ஒரு பள்ளிக்கூடத்தின் உணவுக்கூடத்தில் நடந்தது. பதினொன்றரைக்குப் பந்தி திறந்தபோது வரிசை வாசல்வரை நின்றது. குமுதினிக்கு நெஞ்சு நிறைந்தது. வெண்பொங்கல், சர்க்கரைப் புக்கை எனப்படும் சர்க்கரைப் பொங்கல், வடை, கத்தரிக்காய்ப் பால்கறி, சாம்பார், பாயாசம் எல்லாம் அலுமினிய ட்ரேக்களில் ஆவி பறந்தன. பின்னால் சுவரோரம் இன்னும் திறக்காத ட்ரேக்கள் இடுப்புயரத்துக்கு அடுக்கியிருந்தன. பன்னிரண்டே முக்காலுக்கு வரிசையின் வால் தெரிந்தது. ஒன்று பத்துக்கு வரிசையே இல்லை.

மேடையில் சிறுமிகள் கோலாட்டம் ஆடிக்கொண்டிருந்தார்கள். குமுதினி வெளியே போய் வாகன நிறுத்துமிடத்தைப் பார்த்தாள். புதிதாக ஒரு கார்கூட வரவில்லை. ஃப்ரீவேயில் விபத்தோ என்று தொலைபேசியில் தேடினாள். எல்லாச் சாலையும் பச்சையாக இருந்தது. முந்நூறு பேர் எங்கோ சிக்கிக்கொண்டிருக்கிறார்கள் என்று அப்போதும் அவள் நம்பினாள் என்பதைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது.

திரும்பி வந்தபோது அரியரட்ணம் முதல் வரிசையில் அமர்ந்து பாயாசம் குடித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் ராமசுப்ரமணியன்.

"அங்கிள், மிச்ச ஆக்கள் எப்ப வருவினம்?"

"எந்த மிச்ச ஆக்கள்?"

"போன வருசம் அறுநூறு பேர் வந்தவையெல்லே."

அரியரட்ணம் கிண்ணத்தை மடியில் வைத்தார். அவர் முகத்தில் குற்ற உணர்வு இல்லை. ஒன்றும் தெரியாத பிள்ளையிடம் பேசும் பரிவுதான் இருந்தது. "பிள்ளை, மலரிலை அப்பிடித்தான் போடுறது. டாலஸ் பக்கத்துச் சங்கத்துக்காரர் ஆயிரம் எண்டு போடேக்கை நாங்கள் இருநூற்றி எழுபது எண்டு போட்டால் வடிவா இருக்குமோ? நான் கனக்கக் கூட்டிறேல்லை. பதிஞ்ச ஆக்களிலை ரெண்டு மடங்கு, அதுக்கு மேலை ஒரு சொட்டு. எல்லா வருசமும் ஒரே மாதிரித்தான். நியாயமாத்தான் செய்யிறனான்."

அந்த இம்மி பிசகாத விகிதம் எங்கிருந்து வந்தது என்று குமுதினிக்கு இப்போது தெரிந்தது. அவளுடைய மாடல் ஒன்பது ஆண்டுகளின் கூட்டத்தைக் கற்கவில்லை. ஒரு மனிதரின் பெருமையைக் கற்றிருந்தது, அதுவும் அப்பழுக்கில்லாமல்.

"நான் கேட்டனான் அங்கிள். இந்த எண்ணிக்கை சரியோ எண்டு, எல்லாருக்கும் முன்னாலை கேட்டனான்."

"கேட்டனீர். நான் என்ன பொய்யே சொன்னனான்? அச்சிலை வந்தது எண்டுதானே சொன்னனான்." அவர் பாயாசத்தை மறுபடி எடுத்தார். "உம்மட ஏஐ இவ்வளவு பெரிய ஆள், அதுக்கு உது விளங்கியிருக்க வேணுமே."

"அதுக்கு விளங்காது. நாங்கள் குடுத்ததுதான் அதுக்குத் தெரியும். இதை நான் ஐஞ்சு தரம் சொன்னனான்."

"அப்ப அதை ஏன் நம்பினனீர்?"

இதற்குக் குமுதினியிடம் விடை இருந்தது. வாயைத் திறந்தால் அது மரியாதையான விடையாக இருக்காது என்பதால் ராமசுப்ரமணியன் பக்கம் திரும்பினாள்.

"சார், உங்களுக்கு?"

ராமசுப்ரமணியன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "தெரியும் மேடம். நான் நாலு வருஷம் செகரட்டரியா இருந்திருக்கேனே. கமிட்டில எல்லாருக்குமே தெரியும். ஆனா பெரியவர் உக்காந்திருக்கறப்போ, இது பொய்க்கணக்குன்னு எப்படிச் சொல்றது? நீங்க சயின்டிஃபிக்கா ஏதோ பண்றீங்க, அதுலயே அட்ஜஸ்ட் ஆயிடும்னு நெனச்சேன்."

"தனியா எனக்கு ஒரு மெசேஜ் போட்டிருக்கலாமே சார்."

"போட்டிருக்கலாம்," என்று ஒத்துக்கொண்டார். "அவர்கிட்ட போயிடுமோன்னு ஒரு இது."

நாலு மணிக்குப் பள்ளிக்கூடத்தைப் பூட்டியாக வேண்டும் என்று காவலர் வந்து சொன்னார். அதற்குள் செய்யக்கூடியதையெல்லாம் செய்தார்கள். போவோர் வருவோர் கையிலெல்லாம் பார்சல் திணித்தார்கள். முதலில் மகிழ்ச்சியோடு வாங்கியவர்கள் மூன்றாவது பொட்டலத்தில் ஓடத் தொடங்கினார்கள். வீடற்றோர் இல்லம் ஒன்றைத் தொலைபேசியில் பிடித்தபோது, உணவு எந்நேரம் எந்தச் சூட்டில் இருந்தது என்ற பதிவேடு இருந்தால் மட்டுமே ஏற்போம் என்றார்கள். இரண்டரை மணி நேரம் திறந்து வைத்த சாம்பாருக்கு எவரிடமும் பதிவேடு இல்லை.

கடைசியில் கறுப்புப் பைகள் வந்தன. பத்மராணி ட்ரேயைச் சரித்துப் பிடிக்க, குமுதினி பையை விரித்துப் பிடித்தாள். புக்கை கட்டியாக இறுகிப்போய், மெதுவாக நகர்ந்து விழுந்தது. முந்திரிகள் மேலே தெரிந்தன. பத்மராணி கரண்டியால் மூலைகளையும் வழித்தார், சாப்பிடப் போகிறவர்களுக்கு வழிப்பதைப் போலவே.

"தட்டு எத்தினை மிஞ்சிச்சுது?" என்று கேட்டார்.

குமுதினி போய் எண்ணிக்கொண்டு வந்தாள். "அறுநூற்றி ஐம்பதிலை முந்நூற்றி முப்பத்தெட்டு இருக்கு."

"அப்ப முந்நூற்றிப் பன்ரண்டு பேர்." மனக்கணக்கில் அவருக்கு ஒரு நொடிகூட ஆகவில்லை. "நான் முந்நூற்றி முப்பதுக்கு வைப்பம் எண்டுதான் நினைச்சிருந்தனான்."

"அக்கா."

"அடுத்த பையை விரியும். நேரம் போகுது."

ஏசியிருந்தால் குமுதினிக்குத் தாங்க எளிதாக இருந்திருக்கும். லேபிள் என்றால் என்ன என்று ஊருக்கெல்லாம் பாடம் நடத்தியவள், கைக்கெட்டும் தூரத்தில் கத்தரிக்காய் அரிந்துகொண்டிருந்த உண்மையான லேபிளை, அச்சில் வரவில்லை என்பதற்காகத் தள்ளிவிட்டாள். அவர்கள் புரிந்துகொள்ளவில்லை என்று அவள் எரிந்துகொண்டிருந்த நேரமெல்லாம் புரிந்துகொள்ளாமல் இருந்தது அவளுந்தான்.

இரண்டு வாரம் கழித்து அதே பிங்பாங் மேசையைச் சுற்றிச் செயற்குழு கூடியது. பத்மராணி வரவில்லை. நடந்ததை ஒருவர் "ஏஐ ஃபெயிலியர்" என்றார், மற்றவர்கள் தலையாட்டினார்கள்.

"மொடல் பிழைக்கேல்லை," என்றாள் குமுதினி. "அது எங்களைச் சரியாத்தான் படிச்சது."

"எங்களைச் சரியாப் படிச்சால் பிறகேன் பிழைச்சது?" என்றார் அரியரட்ணம்.

அவள் விளக்கத் தொடங்கினாள். பயிற்சித் தரவு என்றாள். பாதியில் நிறுத்தினாள். ஆறாவது முறை சொல்வதற்கு அவளிடம் வார்த்தை இருந்தது, மூச்சு இல்லை. "அக்காவிலை பிழை இல்லை. எண்ணிக்கை குடுத்தது நான். அதையாவது எழுதி வையுங்கோ," என்று மட்டும் கேட்டாள்.

"அது எல்லாருக்கும் தெரியும்மா," என்றார் ராமசுப்ரமணியன் கனிவாக. "ஆனா கூடினாலும் குறைஞ்சாலும்னு ரெசொல்யூஷன்ல இருக்கே. எழுத்துல இருக்கறத நாமே மீறினா எப்படி?" உணவகத்துக்கு மாற்றும் தீர்மானம் எதிர்ப்பின்றி நிறைவேறியது. குமுதினி செயற்குழு உறுப்பினர் அல்லாததால் அவளுக்கு வாக்கு இல்லை.

மாசி மாதத்தில் மலரின் மெய்ப்பு அவளுக்கு மின்னஞ்சலில் வந்தது, பிழை பார்த்துத் தருமாறு. ஏழாம் பக்கத்தில் விழா அறிக்கை. 'இவ்வாண்டுப் பொங்கல் விழாவில் அறுநூற்று நாற்பதுக்கும் மேற்பட்டோர் கலந்துகொண்டு விருந்துண்டு மகிழ்ந்தனர்.' அவள் அந்த எண்ணை அடித்து, முந்நூற்றுப் பன்னிரண்டு என்று எழுதி அனுப்பினாள். மறுநாளே அரியரட்ணத்திடமிருந்து விடை வந்தது. ஒற்றுப் பிழைகள் மூன்றைச் சுட்டியதற்கு நன்றி தெரிவித்திருந்தார். எண்ணிக்கையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. மலர் அப்படியே அச்சாகி வந்தது.

இழந்தவை இவ்வளவு. வெண்பொங்கல் பதினாறு ட்ரே. சர்க்கரைப் புக்கை பதினொரு ட்ரே. வடை ஐந்நூற்றுச் சொச்சம். பால்கறி ஒன்பது ட்ரே, சாம்பார் எட்டு ட்ரே. ஒன்பது ஆண்டுகளாகப் பத்மராணியிடம் இருந்த பொங்கல் விருந்து. அதைப் பார்த்து வந்திருக்கக்கூடிய சித்திரை மாதக் கல்யாணங்கள் இரண்டு. சமையற்கூடத்தின் வாடகை ஒப்பந்தம். அது ஆனி மாதத்தோடு முடிந்தது, அவர் புதுப்பிக்கவில்லை. குமுதினியை அவர் குமுது என்று கூப்பிடுவது. இப்போது எங்காவது கண்டால் குமுதினி என்கிறார்.